'கட் நோ ஐஸ்' – அன்றாட ஆங்கிலத்தில் எங்கே, எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் செய்தித்தாளிலும் அலுவலக மின்னஞ்சலிலும் போட்டித் தேர்வு வினாத்தாளிலும் எதிர்ப்படும் தொடர் 'கட் நோ ஐஸ்'. பொருளை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள்கூட சொந்தமாக ஒரு வாக்கியத்தில் அதைப் போடும்போது தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்; வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் சீக்கிரம் பழகும்.

'கட் நோ ஐஸ்' என்றால் என்ன பொருள்?

எடுபடவில்லை. இந்த ஒரு தமிழ்ச் சொல் போதும்.

ஒருவர் ஒரு காரணம் சொல்கிறார், கெஞ்சுகிறார், தன் பதவியைச் சொல்லி மிரட்டுகிறார், அல்லது தன் பெருமையை எடுத்து விடுகிறார். கேட்பவர் அசைந்து கொடுக்கவில்லை. அப்போது ஆங்கிலத்தில் 'தட் கட்ஸ் நோ ஐஸ் வித் மீ' என்பார்கள். 'அதெல்லாம் என்கிட்ட எடுபடாது' என்று நாம் சொல்வதேதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லப்பட்ட விஷயம் மட்டமானது என்றோ பொய் என்றோ இந்தத் தொடர் சொல்வதில்லை. அந்தக் குறிப்பிட்ட ஆளிடம் அதற்கு எடை இல்லை என்று மட்டுமே சொல்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே விடை இருக்கிறது.

தமிழில் 'ஐஸ் வைப்பது' என்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. ஆனால் நம்மவர்கள் குழம்புவதற்கு முக்கியமான காரணம் இதுதான். முகஸ்துதி செய்து குளிர வைப்பதை 'ஐஸ் வைக்கிறான்' என்கிறோம். அந்தப் பழக்கத்தில், 'கட் நோ ஐஸ்' என்றதும் 'ஐஸ் வைக்காதே' என்று பொருள் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத் தொடரில் புகழ்ச்சி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மிரட்டல், மன்னிப்பு, புள்ளிவிவரம், படிப்பு, பணம், கண்ணீர் என்று எது எடுபடாமல் போனாலும் சொல்லலாம்.

இரண்டும் தற்செயலாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் மேலாளருக்கு ஐஸ் வைத்துப் பார்க்கிறார், மேலாளர் மசியவில்லை. 'ஃப்ளாட்டரி கட்ஸ் நோ ஐஸ் வித் ஹர்' என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். அங்கேயும் முகஸ்துதியைக் குறிப்பது 'ஃப்ளாட்டரி' என்ற சொல்தான், 'ஐஸ்' அல்ல.

இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. 1890களில் அங்கே அச்சில் காணக் கிடைக்கிறது. பிறகு பிரிட்டனுக்கும் மற்ற ஆங்கில நாடுகளுக்கும் பரவியது. ஐஸ் எப்படி உள்ளே வந்தது என்பதற்குச் சான்றோடு நிறுவப்பட்ட விளக்கம் இல்லை. இரண்டு ஊகங்கள் அதிகம் சொல்லப்படுகின்றன.

ஒன்று, பனிச்சறுக்கு. சறுக்குக் காலணியின் அடியில் இருக்கும் கத்தி மழுங்கியிருந்தால் பனியில் பிடிக்காது, தடம் விழாது. பேச்சு பதியவில்லை என்ற பொருளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொன்று, ஐஸ் வெட்டும் தொழில். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்பு, உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து ஐஸைப் பாளம் பாளமாக வெட்டி விற்பது வட அமெரிக்காவில் பெரிய வியாபாரம். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் 1806-இல் கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்கு முதல் சரக்கை அனுப்பினார், நஷ்டம்தான். ஆனாலும் அவர் விடவில்லை. அவரோடு வேலை செய்த நதானியேல் வையத், குதிரை பூட்டி இழுக்கும் ஐஸ் கலப்பையை 1820களில் உருவாக்கிய பிறகு வெட்டும் வேலை வேகம் பிடித்தது. 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து சுமார் 180 டன் ஐஸோடு கிளம்பி, நான்கு மாதம் கடலில் இருந்து கல்கத்தா வந்து சேர்ந்தது. சுமார் 100 டன் உருகாமல் மிஞ்சியிருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரிந்த இடத்தில் வந்து முடிகிறது. அதே டியூடரின் ஐஸைச் சேமிக்க 1840களில் மெரினா கடற்கரை எதிரே ஒரு கட்டடம் எழும்பியது. விவேகானந்தர் 1897-இல் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஐஸ் வந்து இறங்குவது நின்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், திருவல்லிக்கேணியின் அந்தப் பகுதிக்கு இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் பெயர்.

ஐஸ் வெட்டுவது அன்றாட வேலையாக இருந்த நாட்டில், 'அவன் ஐஸ் வெட்டவில்லை' என்றால் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்ற பொருள் பிறந்திருக்கலாம் என்பது இந்த இரண்டாவது ஊகம். எனக்குச் சறுக்குக் கத்தி விளக்கம்தான் பிடித்திருக்கிறது. தடம் பதியாமல் போவது என்பது தொடரின் இன்றைய பொருளுக்கு அருகில் இருக்கிறது.

வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

எது எடுபடவில்லையோ அது எழுவாய். யாரிடம் எடுபடவில்லையோ அவர் 'வித்' என்பதற்குப் பின்னால் வருவார். 'ஹிஸ் எக்ஸ்கியூஸ் கட் நோ ஐஸ் வித் த டீச்சர்': அவன் சொன்ன சாக்கு ஆசிரியரிடம் எடுபடவில்லை.

'கட்' என்ற வினைக்கு இறந்தகாலத்திலும் அதே வடிவம்தான். 'கட்டட்' என்று ஒன்று இல்லை. நிகழ்காலத்தில் ஒருமை என்றால் 'கட்ஸ்', எதிர்காலத்தில் 'வில் கட் நோ ஐஸ்'.

'நோ' போடாமல் 'எனி' போட்டும் சொல்லலாம்: 'இட் டஸன்ட் கட் எனி ஐஸ்.' ஆனால் இரண்டு எதிர்மறையையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கக் கூடாது. 'டஸன்ட் கட் நோ ஐஸ்' என்று சில வட்டாரப் பேச்சில் வரும். நீங்கள் எழுதினால் பிழை.

கொஞ்சம் எடுபட்டது, அதிகம் இல்லை என்றால் 'கட் லிட்டில் ஐஸ்' அல்லது 'டிடன்ட் கட் மச் ஐஸ்'. ஐஸுக்கு முன்னால் 'த' வராது, 'அன்' வராது, பன்மையும் கிடையாது. செயப்பாட்டு வினையாகவும் மாற்ற முடியாது. 'நோ ஐஸ் வாஸ் கட்' என்றால் உண்மையான ஐஸை யாரோ வெட்டாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

'வித்' பகுதியை விட்டுவிடலாமா?

யாரிடம் என்பது முன்பின் பேச்சிலிருந்தே தெளிவாக இருந்தால் விடலாம். 'சாரி, தட் கட்ஸ் நோ ஐஸ்' என்று ஒருவர் நேரில் சொன்னால், அவரிடம்தான் எடுபடவில்லை என்று புரிந்துவிடும்.

எழுத்தில் விடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஒரே காரணம் ஒருவரிடம் எடுபடும், இன்னொருவரிடம் எடுபடாது. 'டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன்' என்பதை நண்பர் ஒத்துக்கொள்வார், தேர்வு அறைக் கண்காணிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த வித்தியாசத்தைச் சொல்வதற்காகத்தான் இந்தத் தொடரே இருக்கிறது. 'வித்' போய்விட்டால் தொடரின் கூர்மையும் போய்விடுகிறது.

அன்றாட வாழ்க்கையில் எந்தெந்தச் சூழலில் பயன்படும்?

ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் முடிவு செய்கிறார் என்கிற எல்லா இடத்திலும். சில சூழல்களை விரித்துச் சொல்கிறேன்.

வேலை நேர்காணல். விண்ணப்பித்தவர் பெரிய கல்லூரியில் படித்தவர். பேச்சில் இரண்டு முறை கல்லூரிப் பெயரை எடுக்கிறார். நேர்காணல் நடத்துபவர் பார்க்க நினைப்பது அவர் செய்த வேலையை. 'காலேஜ் நேம்ஸ் கட் நோ ஐஸ் வித் ஹர். ஷீ வான்ட்ஸ் டு ஸீ யுவர் வொர்க்.' கல்லூரி மட்டம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வங்கிக் கடன். 'மேலாளரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும்' என்று தைரியமாகப் போகிறார் ஒருவர். வருமானச் சான்று இல்லாமல் கோப்பு நகரவில்லை. 'ஹிஸ் கான்டாக்ட்ஸ் கட் நோ ஐஸ் வித் த பேங்க்.' ஆளை மட்டுமல்ல, வங்கி, நீதிமன்றம், தேர்வுக் குழு போன்ற அமைப்புகளையும் 'வித்' பின்னால் வைக்கலாம்.

வீடு. மகனுக்கு வண்டி வேண்டும். வகுப்பில் எல்லாரிடமும் வண்டி இருக்கிறது என்கிறான். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. 'எவ்ரிபடி ஹேஸ் ஒன்' என்ற வாதம் உலகம் முழுக்கப் பெற்றோரிடம் எடுபடாத வாதம். ஆங்கிலக் குடும்பங்களில் அதற்கு வரும் பதில்களில் 'தட் கட்ஸ் நோ ஐஸ் வித் மீ'யும் ஒன்று.

விளையாட்டு. பழைய சாதனைகள் பல இருந்தும் அண்மைக் காலத்தில் சரியாக ஆடாத வீரர் அணியில் இடம் பெறவில்லை. 'ஹிஸ் பாஸ்ட் ரெக்கார்ட் கட் நோ ஐஸ் வித் த செலக்டர்ஸ்.' செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரியான வாக்கியம்.

வாடிக்கையாளர் சேவை. பொருள் பழுதாக வந்திருக்கிறது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புகிறது, பணத்தைத் திருப்பித் தரவில்லை. 'அப்பாலஜீஸ் கட் நோ ஐஸ் வித் மீ. ஐ வான்ட் எ ரீஃபண்ட்.' கோபம் இருக்கிறது, ஆனால் வசவு இல்லை. புகார் கடிதத்தில் இந்த அளவு காரம் போதும்.

ஒரு ஆளையே எழுவாயாக வைக்கலாமா?

வைக்கலாம். 'ஹீ கட்ஸ் நோ ஐஸ் வித் மீ' என்றால் அந்த ஆளுக்கு என்னிடம் மதிப்போ செல்வாக்கோ இல்லை என்று பொருள். பேசியதைத் தள்ளுவதும் பேசியவரையே தள்ளுவதும் ஒன்றல்ல. இரண்டாவது மிகக் கடுமை. காதில் விழுந்தால் மனத்தாங்கல் வரும். எழுதும்போது ஆளுக்குப் பதிலாக அவர் சொன்ன வாதத்தை எழுவாயாக வைத்தாலே சூடு பாதியாகக் குறையும்.

எடுபட்டது என்று நேர்மறையாகச் சொல்ல 'கட் ஐஸ்' என்று எழுதலாமா?

வழக்கத்தில் இது எதிர்மறைத் தொடர். கேள்வியில் வரும்: 'வில் தட் கட் எனி ஐஸ் வித் ஹர் ஃபாதர்?' என்று கேட்பது இயல்பு. ஐயத்தோடு சொல்லும்போதும் வரும். ஆனால் 'மை ஸ்பீச் கட் ஐஸ் வித் த ஆடியன்ஸ்' என்று மகிழ்ச்சியாக எழுதினால் ஆங்கிலக் காதுக்கு இடறும். அதற்கு 'இம்ப்ரெஸ்ட்', 'வன் ஓவர்' போன்ற சொற்கள் இருக்கின்றன.

நம் ஊர் ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'ஃபெயில்ஸ் டு கட் ஐஸ்' என்று வருகிறதே, அதில் 'நோ' இல்லையே?

'ஃபெயில்' என்ற வினையே எதிர்மறையைச் சுமக்கிறது. அதனால் 'நோ' தேவையில்லை. 'த ப்ராமிஸ் ஃபெயில்ட் டு கட் ஐஸ் வித் வோட்டர்ஸ்' என்றால் வாக்குறுதி வாக்காளர்களிடம் எடுபடவில்லை. இந்திய ஆங்கில இதழியலில், தேர்தல் செய்தியிலும் நீதிமன்றச் செய்தியிலும் இது நன்றாகவே ஊறிப்போன அமைப்பு. பிழை அல்ல. 'ஃபெயில்ட் டு கட் நோ ஐஸ்' என்று எழுதினால்தான் பிழை. இரண்டு எதிர்மறை சேர்ந்து பொருள் தலைகீழாகிவிடும்.

'டஸன்ட் கட் த மஸ்டர்ட்', 'ஃபால்ஸ் ஃப்ளாட்', 'லீவ்ஸ் மீ கோல்ட்' எல்லாமே இதே பொருள்தானே?

இல்லை. போட்டித் தேர்வு வழிகாட்டிகள் பல இவற்றை ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. அது வருத்தமான விஷயம், ஏனென்றால் நுட்பமெல்லாம் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

'நாட் கட் த மஸ்டர்ட்' என்பது தகுதி பற்றியது. ஒரு அளவுகோல் இருக்கிறது, அதை எட்டவில்லை. நேர்காணலுக்கு வந்தவரின் பட்டம் 'கட் நோ ஐஸ்' என்றால் பட்டத்தைப் பார்த்து யாரும் மயங்கவில்லை. வேலை இன்னும் கிடைக்கலாம். அவரே 'டிடன்ட் கட் த மஸ்டர்ட்' என்றால் வேலைக்குத் தேறவில்லை. இரண்டிலும் 'கட்' இருப்பதால் 'டஸன்ட் கட் த ஐஸ்' என்று கலந்து எழுதிவிடுவது சகஜம். அப்படி ஒரு தொடர் கிடையாது.

'ஃபால் ஃப்ளாட்' என்பது ஒரு முயற்சி சப்பென்று போவது. நகைச்சுவை சொல்லி யாரும் சிரிக்கவில்லை, பிறந்தநாள் விழாவில் ஏற்பாடு செய்த திடீர் விருந்து சுவைக்கவில்லை என்றால் இது. இங்கே யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. அவையில் சூடு ஏறவில்லை, அவ்வளவுதான்.

'லீவ்ஸ் மீ கோல்ட்' ரசனை பற்றியது. எல்லாரும் கொண்டாடும் இசையோ ஓவியமோ என் மனத்தைத் தொடவில்லை என்றால் இதைச் சொல்லலாம். வாதத்துக்கும் கெஞ்சலுக்கும் இது பொருந்தாது.

'நத்திங் டு ரைட் ஹோம் அபௌட்' என்றால் சுமார் ரகம். ஓட்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் 'பரவாயில்லை, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை' என்போமே, அது.

கடைசியாக 'தட் வோன்ட் வாஷ்'. இதுதான் 'கட் நோ ஐஸு'க்கு மிக அருகில் வருவது, அதனாலேயே அதிகம் குழப்புவதும். 'வோன்ட் வாஷ்' என்றால் நம்ப மாட்டேன், கதை விடாதே. 'கட்ஸ் நோ ஐஸ்' என்றால் நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், அதனால் என் முடிவு மாறாது. பேருந்து நிஜமாகவே பழுதாகி நின்றிருக்கலாம். ஆனாலும் தேர்வு அறையின் கதவு திறக்காது. பொய்யைப் பிடித்த இடத்தில் முதலாவது, மெய்யென்று தெரிந்தும் அசையாத இடத்தில் இரண்டாவது.

'பிரேக் த ஐஸ்', 'ஆன் தின் ஐஸ்' எல்லாம்?

ஐஸ் மட்டும்தான் பொது. 'பிரேக் த ஐஸ்' அறிமுகமில்லாதவர்களுக்குள் இறுக்கத்தைக் கலைத்துப் பேச்சைத் தொடங்குவது. 'ஆன் தின் ஐஸ்' ஆபத்தான நிலையில் இருப்பது. 'புட் ஆன் ஐஸ்' ஒரு திட்டத்தைத் தள்ளிப் போடுவது. இவற்றையும் 'கட் நோ ஐஸை'யும் சேர்த்துப் படிக்காமல், தனித்தனி நாளில் படியுங்கள்.

மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் பயன்படுத்தலாமா?

அவர் சொன்னதைப் பற்றி எழுதக் கூடாது. இந்தத் தொடரில் 'வித்' பின்னால் நிற்பவர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார். 'யுவர் சஜெஷன் கட்ஸ் நோ ஐஸ் வித் மீ' என்று இளையவர் எழுதினால், அதிகாரத்தைத் தான் எடுத்துக்கொண்டதாகத் தொனிக்கும்.

மூன்றாவது ஆளிடம் தள்ளிவிட்டால் இதே தொடர் பணிவாகிவிடும். 'ஐ அம் அஃப்ரெய்ட் திஸ் மே நாட் கட் மச் ஐஸ் வித் த க்ளையன்ட்' என்று எழுதிப் பாருங்கள். உங்கள் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஏற்க மாட்டார் என்கிறீர்கள். 'மே', 'மச்' இரண்டும் சேர்ந்து கூர்மையை இன்னும் மழுக்கிவிடுகின்றன. அலுவலகத்தில் மறுப்புச் சொல்ல வேண்டிய நாளில் மிகவும் உதவும் வாக்கியம் இது.

ஆய்வுக் கட்டுரை, அரசு மனு, சட்ட ஆவணம் ஆகியவற்றில் வேண்டாம். பேச்சு வழக்கின் சாயல் இதில் இருக்கிறது.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எப்படி எழுதலாம்?

'ஐஸ் வெட்டவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொதுவாக 'எடுபடவில்லை' எல்லா இடத்துக்கும் சரிவரும். 'அவரிடம்' என்று உருபு சேர்த்தால் 'வித்' பகுதியும் கைக்கு வந்துவிடுகிறது.

பேச்சு நடை வேண்டுமென்றால் 'உன் பருப்பு இங்கே வேகாது', 'உன் பாச்சா பலிக்காது' என்பவை இருக்கின்றன. ஆனால் இந்த இரண்டிலும் எதிராளி தந்திரம் செய்கிறான் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருத்தத்தோடு மன்னிப்புக் கேட்பவரிடம் 'பருப்பு வேகாது' என்று பெயர்த்தால் மூலத்தில் இல்லாத ஏளனம் சேர்ந்துவிடும். அங்கே 'மனம் இளகவில்லை' அல்லது 'மசியவில்லை' நன்று. விதி, ஆவணம் சம்பந்தப்பட்ட இடத்தில் 'செல்லுபடியாகவில்லை'.

போட்டித் தேர்வில் எப்படிக் கேட்பார்கள்?

தொடரைக் கொடுத்து நான்கு பொருள் தருவார்கள். 'ஹேட் நோ இன்ஃப்ளுயன்ஸ்', 'ஹேட் நோ எஃபெக்ட்', 'ஃபெயில்ட் டு இம்ப்ரெஸ்' ஆகியவற்றில் ஒன்று விடையாக இருக்கும். ஐஸ், குளிர், நட்பு என்று இழுக்கும் விடைகள் பொறி.

யாராவது என்னிடம் 'தட் கட்ஸ் நோ ஐஸ் வித் மீ' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

அதே காரணத்தை இன்னும் உரக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை, அதனால் நிரூபிக்கக் கிளம்புவதிலும் பயனில்லை. தனக்கு அது பொருட்டல்ல என்கிறார். அப்படியானால் எது பொருட்டு என்று கேளுங்கள்: 'ஆல்ரைட், வாட் வுட்?' மூன்றே சொல். 'சரி, வேற எது இருந்தா ஒத்துக்குவீங்க?' என்று பொருள். 'வாட் வுட் கட் ஐஸ்?' என்று முழுதாகவும் கேட்கலாம். கேள்வி என்பதால் இங்கே 'நோ' இல்லாமல் வருவது சரிதான். பெரும்பாலும் அவர் ஒரு ஆவணத்தையோ தேதியையோ சொல்லிவிடுவார். அப்புறம் பேச்சு அங்கிருந்து நகரும்.